ராணி ஆவதும் வேலைக்காரி ஆவதும்: தேன்பூச்சிக் குடம்பி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் தென்மராட்சியில் எங்கள் வளவில் ஏழு தேன்பெட்டிகள் நிற்கின்றன. ஒன்றைத் திறந்தால் போதும், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேள்வி வரும். உயர்தரத்தில் உயிரியல் படிக்கிற பிள்ளைகள் கேட்பது ஒரு விதம். புதிதாகப் பெட்டி வாங்கினவர்கள் கேட்பது இன்னொரு விதம். பக்கத்து வீட்டு மாமி கேட்பது முற்றிலும் வேறு. திரும்பத் திரும்ப வருகிறவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன்.

ஒரு விஷயத்தை முதலே சொல்லிவிட வேண்டும். நாங்கள் பெட்டியில் வைத்திருப்பது இந்தியத் தேன்பூச்சி. ஆய்வுகூடங்களில் பெரும்பாலும் சோதித்தது ஐரோப்பியத் தேன்பூச்சியை. அடிப்படை இரண்டிலும் ஒன்றுதான், நாள்கணக்கும் எண்ணிக்கையும் கொஞ்சம் மாறும்.

ராணிக்கு ஒரு முட்டை, வேலைக்காரிக்கு வேறு முட்டை என்று இருக்கிறதா?

இல்லை. இரண்டும் ஒரே மாதிரியான, கருக்கட்டிய முட்டைதான். இரண்டிலும் 32 நிறமூர்த்தம் (குரோமோசோம்). வேலைக்காரி வரவேண்டிய அறையிலிருந்து, பொரித்து ஒரு நாள்கூட ஆகாத குடம்பியை, அதாவது புழுவை, எடுத்து ராணியறையில் வைத்தால் அது ராணியாகும். ராணியறையிலிருந்து எடுத்து மற்றப் பக்கம் வைத்தால் வேலைக்காரியாகும். சக்சனி நாட்டில் ஷிராக் என்ற பாதிரியார் 18ஆம் நூற்றாண்டிலேயே இதைக் கண்டுவிட்டார்: ராணியில்லாத கூட்டில் இளம் குடம்பிகள் உள்ள வதைத்துண்டை (மெழுகு அறைகள் உள்ள தேனடைத் துண்டை) வைத்தால் பூச்சிகள் தாங்களே ராணி வளர்த்துக்கொள்ளும் என்று. அந்தக் காலத்தில் அதை நம்பாதவர்கள்தான் அதிகம்.

ஒரே முட்டை, ஆனால் முடிவைப் பாருங்கள். ஐரோப்பியத் தேன்பூச்சியில் ராணி 16 நாளில் வெளியே வரும், வேலைக்காரிக்கு 21 நாள் பிடிக்கும். எங்கள் இனத்தில் வேலைக்காரி ஒன்றிரண்டு நாள் முந்தும். ராணியின் ஒரு பக்கச் சூலகத்தில் முட்டை உருவாகும் சூலகக் குழாய்கள் 150க்கு மேல் இருக்கும், வேலைக்காரியில் ஒரு டசினைத் தாண்டாது. வேலைக்காரிக்கு மகரந்தக் கூடை, மெழுகுச் சுரப்பி எல்லாம் உண்டு. ராணிக்கு அவை ஒன்றும் இல்லை. ராணி வருஷக்கணக்கில் இருக்கும், வேலை மும்முரமான காலத்தில் வேலைக்காரி சில கிழமைகளில் முடிந்துவிடும்.

ஆண் பூச்சியும் சாப்பாட்டால் வருவதா?

அது சாப்பாட்டு விவகாரம் இல்லை. கருக்கட்டாத முட்டையிலிருந்து வருவது ஆண். அதற்குத் தகப்பன் கிடையாது, நிறமூர்த்தமும் 16தான். சிலேசியாவைச் சேர்ந்த ட்சியெர்சோன் என்ற பாதிரியார் 1845இல் இதைச் சொன்னார். (தேன்பூச்சி ஆராய்ச்சியில் ஏன் இத்தனை பாதிரிமார் என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. வளவும் நேரமும் அவர்களிடம்தான் இருந்தன என்று நினைக்கிறேன்.)

வதையை அளந்து, பெரிய அறையென்றால் விந்து விடாமல் முட்டையிடுவதும் சின்ன அறையென்றால் விந்து விட்டு முட்டையிடுவதும் ராணியின் கைவேலை. ஆணா பெண்ணா என்பது முட்டையோடு முடிந்துவிடுகிறது. பெண் என்றான பிறகுதான் ராணியா வேலைக்காரியா என்ற கேள்வியே, அங்கேதான் உணவு வருகிறது.

“முதல் மூன்று நாள் எல்லாக் குடம்பிக்கும் அரசகூழ், அதன்பின் வேலைக்காரிக்கு மட்டும் தேனும் மகரந்தமும்” என்று படித்தோம். அது சரியா, சேர்?

பரீட்சையில் அப்படியே எழுதுங்கள், புள்ளி கிடைக்கும். நடப்பது கொஞ்சம் வேறு.

இரண்டு குடம்பிக்கும் கூழ் தருவது தாதிப்பூச்சிகள், அதாவது பிறந்து ஏறக்குறைய ஐந்து நாள் முதல் இரண்டு கிழமை வரையான வேலைக்காரிகள். தலைக்குள் இருக்கும் இரண்டு சோடிச் சுரப்பிகளிலிருந்து அது வருகிறது. ஆனால் ராணிக்குக் கொடுக்கும் கூழும் வேலைக்காரிக்குக் கொடுக்கும் கூழும் முதல் நாளிலிருந்தே ஒன்றல்ல. ராணியின் கூழில் வெல்லம் (சர்க்கரைச் சத்து) கூட, வேலைக்காரியின் கூழில் ஆரம்பத்தில் குறைவு. அளவிலும் பெரிய வித்தியாசம். ராணிக் குடம்பி கூழில் மிதக்கும், அறையை மெழுகால் மூடின பிறகும் உள்ளே மிச்சம் கிடக்கும். வேலைக்காரிக் குடம்பிக்கு ஆரம்பத்தில் தாராளமாக இருந்தாலும், போகப்போக அளந்துதான் வார்ப்பார்கள்.

மூன்றாம் நாளுக்குப் பிறகு வேலைக்காரியின் கூழில் தேனும் மகரந்தமும் கலப்பது உண்மை. ஆனால் நேரடியாகத் தின்னும் மகரந்தம் கொஞ்சம்தான். அதன் புரதத்தில் பெரும்பங்கு கடைசிவரை தாதியின் கூழிலிருந்தே வருகிறது. இதை ஞாபகம் வைத்திருங்கள், கீழே சீனிப்பாணி பற்றிய கேள்வியில் தேவைப்படும்.

அரசகூழில் அப்படி என்னதான் இருக்கிறது? எந்தப் பொருள் ராணியாக்குகிறது?

மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். மிச்சம் புரதம், வெல்லங்கள், கொழுப்பமிலங்கள், விற்றமின்கள். நாக்கில் வைத்தால் புளிக்கும், கொஞ்சம் உறைக்கும். நான் ருசி பார்த்திருக்கிறேன், இரண்டாம் முறை கேட்கமாட்டேன்.

“எந்தப் பொருள்” என்பதற்குப் பல வருஷமாக ஒற்றைப் பதில் தேடினார்கள். 2011இல் ஜப்பானில் கமகுரா என்பவர் ஒன்று கண்டேன் என்றார். அரசகூழை 40 பாகை வெப்பத்தில் 30 நாள் வைத்தால் அதன் ராணியாக்கும் திறன் போய்விடுகிறது. கூடவே ஒரு புரதமும் சிதைந்துபோகிறது. அந்தப் புரதத்தைத் திரும்பச் சேர்த்தால் திறன் திரும்புகிறது. அதற்கு ‘ரோயலக்டின்’ என்று பெயர் வைத்தார். உலகமெல்லாம் பேசினார்கள். 2016இல் ஜேர்மனியின் ஹாலே பல்கலைக்கழகத்துக்காரர் அந்தப் புரதம் இல்லாமலும் ராணி வருகிறது என்று காட்டினார்கள்.

அதே ஜேர்மன் குழு 2018இல் சொன்னதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. ராணியறை நிலக்கடலைக் கோது மாதிரி வதையின் விளிம்பில் தலைகீழாகத் தொங்கும், வாய் கீழே. குடம்பி மேலே, கூரையில். அது ஏன் விழுவதில்லை? கூழின் புளிப்பில் அந்தப் புரதம் வேறு சில பொருட்களோடு சேர்ந்து நார்நாராகக் கோத்துக்கொள்கிறது, கூழ் பசைபோல் இறுகிக் குடம்பியைப் பிடித்துவைக்கிறது. புளிப்பைக் குறைத்தால் கூழ் தண்ணீராகிக் குடம்பி விழுந்துவிடும். ராணியாக்கும் மந்திரம் என்று தேடிப்போன புரதத்தின் ஒரு முக்கிய வேலை, கடைசியில் பார்த்தால், பிள்ளை விழாமல் ஒட்டிவைப்பது.

அதற்கிடையில் 2015இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் கேள்வியையே திருப்பிப் போட்டார்கள். ராணிக்கு என்ன கிடைக்கிறது என்று பார்க்காமல், எது கிடைக்காமல் போகிறது என்று பார்த்தார்கள். மகரந்தத்திலும் தேனிலும் பரா-குமாரிக் அமிலம் என்ற தாவரப் பொருள் இருக்கிறது. அரசகூழில் அது இல்லை. ஆய்வுகூடத்தில் குடம்பிகளின் உணவில் அதைக் கலந்தபோது சூலகம் சிறுத்தது. அதாவது வேலைக்காரிக்குக் கொடுக்கும் தேனும் மகரந்தமும் ‘மட்டமான சாப்பாடு’ என்பதல்ல விஷயம், அதில் வளர்ச்சியின் திசையைத் திருப்புகிற ஒன்று இருக்கிறது.

2020இல் வட டகோட்டாவில் செய்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். புரதமும் வெல்லமும் பல விகிதங்களில் கலந்த உணவுகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். விகிதம் பெரிதாகப் பேசவில்லை. வேண்டிய மட்டும் தின்னக் கிடைத்த குடம்பிகள் ராணிப் பக்கம் போயின.

என் அபிப்பிராயம் கேட்டால்: ஒரு மந்திரப் பொருள் இல்லை. எவ்வளவு கொடுக்கிறார்கள், எதைக் கொடுக்காமல் விடுகிறார்கள், எந்த நாளில் மாற்றுகிறார்கள், இந்த மூன்றும் சேர்ந்துதான். வீட்டில் கறிக்கு உப்பு மாதிரி, ஒன்றைத் தனியே எடுத்து இதனால்தான் ருசி என்று சொல்லமுடியாது.

சாப்பாடு எப்படி உடலையே மாற்றும்? பரம்பரையலகு மாறுகிறதா?

பரம்பரையலகின் (ஜீனின்) எழுத்து மாறுவதில்லை. எந்தப் பக்கத்தைத் திறந்து வாசிப்பது என்பது மாறுகிறது.

தாராளமாகத் தின்ற குடம்பியில், ‘சாப்பாடு வந்துவிட்டது, வளரலாம்’ என்று கலங்களுக்குச் சொல்லும் வழிகள் தூண்டப்படுகின்றன. அவற்றில் ஒன்றைத் தடுத்தால், அரசகூழ் கொடுத்தாலும் வேலைக்காரி மாதிரித்தான் வரும். அந்தச் சைகைகளின் பின்னால் இளம்பருவ ஓமோன் ஏறுகிறது. ராணிக் குடம்பியில் அது கூட, வேலைக்காரியில் குறைவு. வேலைக்காரிக் குடம்பியில் உரிய நாளில் இந்த ஓமோனை வெளியிலிருந்து பூசினால் ராணிக் குணங்கள் தலைகாட்டும். ஓமோன் குறைந்த குடம்பியில் தொடங்கிய சூலகக் குழாய்கள் பெரும்பாலும் இடையில் கரைந்து போகின்றன. இந்த இடத்தை வாசித்தபோது கொஞ்சம் மனம் கனத்தது. வேலைக்காரிக்கும் ஆரம்பத்தில் நிறையக் குழாய்கள் இருக்கின்றன, பிறகுதான் அழிகின்றன.

2008இல் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் மலெஷ்கா என்பவரின் குழு இன்னொரு பக்கத்தால் போனது. டி.என்.ஏ.யில் மெதைல் என்ற சிறு அடையாளத்தை ஒட்டுகிற நொதியம் ஒன்று உண்டு. குடம்பிகளில் அந்த நொதியத்தை அடக்கினார்கள். அரசகூழ் ஊட்டாமலே பெரும்பாலானவை ராணி போன்ற சூலகத்தோடு வெளிவந்தன. உடனே எல்லாரும் ‘மெதைல்தான் ஆள்’ என்றார்கள். 2012இல் வந்த இன்னோர் ஆய்வு, புதிதாக வெளிவந்த ராணிக்கும் வேலைக்காரிக்கும் இடையில் மெதைல் வித்தியாசம் காணவில்லை. தாதிக்கும் வெளியே தேன் தேடப்போகிற பூச்சிக்கும் இடையில்தான் கண்டது. ஆகவே பரீட்சைக்கு எழுதுகிறவர்கள் ‘மெதைலேற்றம் பங்குபற்றுகிறது’ என்று எழுதுங்கள், ‘மெதைலேற்றமே காரணம்’ என்று எழுதவேண்டாம்.

எத்தனையாம் நாள்வரை ஒரு குடம்பியை ராணியாக மாற்றலாம்?

மூன்று நாள்வரை என்று சொல்வார்கள். மாறும். ஆனால் நல்ல ராணி வேண்டுமென்றால் பொரித்து 24 மணித்தியாலம் தாண்டக்கூடாது.

இதை நான் நட்டப்பட்டுத்தான் கற்றேன். முதன்முதல் குடம்பி மாற்றினபோது கண்ணுக்கு நன்றாகத் தெரிகிற குடம்பிகளாகப் பார்த்து எடுத்தேன். தெரிகிற அளவு என்றாலே அது வயது கூடினது என்று அப்போது தெரியாது. கோழி இறகின் காம்பைச் சீவி, நுனியை வளைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்துக் குடம்பி வைத்தேன். நாலை ஏற்றுக்கொண்டன. ஒரு ராணியைப் பெட்டிக்குள் விட்டேன். சிறுத்த உடம்பு, வேலைக்காரிக்குப் பக்கத்தில் நின்றால் தேடத்தான் வேண்டும். முட்டை போட்டது, ஆனால் வதையில் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு மேல் போகவில்லை. இரண்டு மாதத்தில் பூச்சிகளே அதை மாற்றிவிட்டன.

நடந்தது இதுதான். இரண்டு மூன்று நாள் வேலைக்காரிச் சாப்பாடு தின்றுவிட்ட குடம்பிக்கு அதன்பிறகு எவ்வளவு கூழ் ஊற்றினாலும் பழைய கணக்கு முழுக்க அழியாது. சூலகக் குழாய் குறையும், உடல் சிறுக்கும், சிலவேளை காலில் வேலைக்காரியின் அடையாளம்கூட மிச்சமிருக்கும். எடுக்கவேண்டியது முட்டையைவிடக் கொஞ்சம் பெரிய, வளைந்தும் வளையாமலும் கிடக்கிற, கூழில் ஒரு மினுக்கமாக மட்டும் தெரிகிற குடம்பியை. தெரியவில்லை என்று நீங்கள் கோபப்படுகிற அளவுதான் சரியான அளவு.

அப்படியென்றால் எல்லாம் சாப்பாடுதானா? பிறப்புரிமைக்கு வேலையே இல்லையா?

இருக்கிறது. ராணி பறந்துபோய்ப் பத்துக்கு மேற்பட்ட ஆண்களோடு சேர்ந்து வருகிறது. ஆகவே ஒரு பெட்டிக்குள் தாய் ஒன்று, தகப்பன்மார் பலர். ஒரே தகப்பனின் பெண்கள் தங்களுக்குள் நாலில் மூன்று பங்கு ஒத்தவர்கள், வேறு தகப்பனின் பெண்களோடு நாலில் ஒரு பங்குதான். அவசரத்துக்கு ராணி வளர்க்கும்போது எல்லாத் தகப்பன்மாரின் பிள்ளைகளும் சமமாகத் தெரிவாவதில்லை. 2005இல் வந்த ஓர் ஆய்வு, வேலைக்காரிகளிடையே அரிதாகக் காணப்பட்ட சில தகப்பன் வழிகள் ராணிகளிடையே அதிகமாக இருந்ததைக் காட்டியது. அதாவது சில குடம்பிகள் ராணியாவதற்கு மற்றவற்றைவிட வசதியோடு பிறக்கின்றன. ஆனாலும் கூழ் வராவிட்டால் அந்த வசதியால் பயனில்லை.

தென்னாபிரிக்காவின் கேப் தேன்பூச்சி இன்னும் வினோதம். அதில் வேலைக்காரி ஆணோடு சேராமலே பெண் முட்டை இடும். அது பரம்பரையலகில் வந்த வேறுபாடு. நல்ல காலம், அது எங்கள் பக்கம் இல்லை.

என் வதையில் மூடின அறைகளுக்கு நடுவில் நிறைய வெற்று அறைகள். ராணிக்கு வயதாகிவிட்டதா?

வயதாகியிருக்கலாம், நோயாக இருக்கலாம், பட்டினியாக இருக்கலாம். ஆனால் ராணி புதிது, பூ நிறைய இருக்கிறது, நோயும் இல்லை, அப்படியும் வதை சல்லடை மாதிரி இருக்கிறது என்றால் நெருங்கின உறவில் இனம் கலந்துவிட்டதா என்று யோசிக்க வேண்டும்.

ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கிற பரம்பரையலகு ஒன்று உண்டு, 2003இல் கண்டுபிடித்தார்கள். அதற்குப் பல வடிவங்கள் உண்டு, அவற்றை எதிருரு என்பார்கள். வேறு வேறு எதிருருக்கள் இரண்டு வந்தால் பெண். ஒன்றே ஒன்று இருந்தால், அதாவது கருக்கட்டாத முட்டையென்றால், ஆண். கருக்கட்டின முட்டையில் ஒரே எதிருரு இரண்டு முறை வந்துவிட்டால்? அதுவும் ஆண்தான், ஆனால் உதவாத ஆண். குடம்பி பொரித்த சில மணித்தியாலங்களுக்குள் வேலைக்காரிகள் கண்டுபிடித்துத் தின்றுவிடும். அதை எடுத்துப் புறம்பாக வளர்த்தால் வளர்கிறது என்று போலந்தின் வொய்கே 1960களில் காட்டினார். ஆகவே குடம்பி தானாகச் சாகவில்லை, கொல்லப்படுகிறது. அந்த அறை வெறுமையாகிறது, ராணி பிறகு வந்து திரும்ப முட்டையிடும். பக்கத்து அறை மூடியிருக்க இது முட்டையோடு நிற்கும். சல்லடை அப்படித்தான் வருகிறது.

ராணி தன் எதிருருவில் ஒன்றையே வைத்திருக்கிற ஆணோடு சேர்ந்தால், அந்த ஆணின் விந்தால் கருக்கட்டுகிற முட்டைகளில் பாதி இப்படிப் போகும். பல ஆண்களோடு சேர்வதால் நட்டம் பரவலாகிக் குறைகிறது. ஊரில் எல்லாரும் ஒரே பெட்டியிலிருந்து பிரித்தெடுத்த பெட்டிகளை வைத்திருந்தால் குறையாது.

வலிகாமத்திலோ தென்மராட்சியிலோ இதற்குப் பெரிதாகப் பயப்படத் தேவையில்லை. பனைப்பொந்து, பழைய மதில், கிணற்றுக்கட்டு என்று காட்டுக்கூடுகள் எங்கும் இருக்கின்றன, அங்கிருந்து ஆண்கள் வரும். தீவுப்பகுதிக்குக் கொண்டுபோகிறவர்கள்தான் கவனிக்க வேண்டும். குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்கு இரண்டு பெட்டி கொண்டுபோகிறவர் அவற்றை ஒரே வீட்டில் வாங்கவேண்டாம். ஒன்றைக் கோப்பாயிலும் மற்றதைக் கொடிகாமத்திலும் வாங்கட்டும்.

அதற்காக முற்றிலும் நம்பிக்கையிழக்கவும் வேண்டாம். 2007இல் அவுஸ்திரேலியாவின் கெயின்ஸ் துறைமுகத்தில் ஒரு படகில் எங்கள் இனத் தேன்பூச்சிக் கூடு கண்டுபிடிக்கப்பட்டது. மிகச் சில கூடுகளிலிருந்து தொடங்கின அந்தக் கூட்டம் அழியவில்லை, பரவிவிட்டது. அரிதான எதிருரு உள்ள பூச்சிகளுக்குப் பிள்ளை கூடத் தப்புவதால் வருஷங்கள் போகப்போக எதிருருக்கள் தாங்களே சமப்பட்டன. ஆனால் அது பூச்சிகளின் காலக்கணக்கு. உங்கள் இரண்டு பெட்டிக்கு அவ்வளவு பொறுமை இருக்காது.

யாழ்ப்பாணத்தில் குடம்பி பட்டினி கிடப்பது எந்த மாதங்களில்?

இரண்டு இடைஞ்சல். ஒன்று மாரி. ஐப்பசி நடுவிலிருந்து மார்கழி வரை மழை விடாது பெய்யும் நாட்களில் பூச்சி பறக்காது, பறந்தாலும் மகரந்தம் நனைந்து கழுவுப்பட்டிருக்கும். மற்றது சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று உரத்து வீசுகிற கோடை. நிலம் வெடிக்கும், வேலியோரப் பூக்கள் எல்லாம் காய்ந்துவிடும்.

தை பிறந்ததும் நிலைமை மாறும். முருங்கை, மா, பாத்தி ஓரத்துத் தொட்டாற்சுருங்கி, பிறகு ஆண்பனைப் பாளை. பங்குனி, சித்திரையில் வேம்பு பூத்தால் வளவே இனிக்கும். தென்னை வருஷம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும். தென்னை நாலைந்து உள்ள வளவில் பெட்டி வைத்தவர் பாக்கியசாலி, கோடையிலும் பூச்சியின் காலில் மகரந்தம் இருக்கும்.

மகரந்தம் நின்றால் முதலில் அடிபடுவது குடம்பிதான். தாதிப்பூச்சி கொஞ்சநாள் தன் உடம்பில் சேர்த்துவைத்த புரதத்தைக் கரைத்துக் கூழ் சுரக்கும். அதுவும் முடிந்தால் வயது குறைந்த குடம்பிகளைத் தின்னத் தொடங்கும். கொடுமையாகத் தெரியும். ஆனால் மூடப்போகிற குடம்பியில் ஏற்கெனவே செலவழித்த கூழ் வீணாகாமல், நேற்றுப் பொரித்ததை மீட்டெடுக்கிற கணக்கு அது. பட்டினியில் வளர்ந்து தப்பின குடம்பிகளின் கதையும் நல்லதில்லை. 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், மகரந்தத் தட்டுப்பாட்டில் வளர்ந்த வேலைக்காரிகள் பின்னாளில் வெளியே போய்த் தேடுவதிலும், வந்து ஆடித் திசை காட்டுவதிலும் பின்தங்கியிருந்தன. மார்கழியில் பட்டினி கிடந்த குடம்பி தையில் வேம்புக்கு வழி தெரியாத பூச்சியாக நிற்கும் என்று நான் சொன்னபோது, “வேம்பு தையில் பூக்காதே அண்ணை” என்று ஒரு தம்பி திருத்தினார். சரி, முருங்கைக்கு.

சீனிப்பாணி வைத்தால் போதாதா?

போதாது. சீனிப்பாணி பறக்கிற பூச்சிக்கு எரிபொருள். குடம்பிக்குத் தேவை புரதம், அது மகரந்தத்திலிருந்து தாதியின் சுரப்பி வழியாகத்தான் வரும். வெறும் பாணி மட்டும் ஊற்றினால் ராணி உற்சாகமாக முட்டையிடும், அந்த முட்டைகள் பொரித்தபின் ஊட்ட ஆளிருந்தும் கூழ் இருக்காது. பிறகு மேலே சொன்ன கதைதான்.

மாரியில் நான் செய்வது: சம அளவு சீனியும் கொதித்தாறின தண்ணீரும் கரைத்துப் பின்னேரத்தில் சின்னத் தட்டில், ஈர்க்குத் துண்டுகள் மிதக்கவிட்டு வைப்பேன். கூடவே சோயாமாவைத் தேனில் குழைத்துக் களிபோல் ஒரு சிறங்கை. நல்ல மகரந்தம் வெளியே இருந்தால் அதைத் திரும்பியும் பார்க்காது, விட்டுவிடுங்கள். குடம்பிக்கு நேரே ஊட்ட எங்களால் முடியாது. ஊட்டுகிறவளுக்குத்தான் ஊட்டலாம்.

கள்ளு முட்டியில் விழுந்து சாகிறதே, அந்தக் கள்ளு குடம்பிக்குப் போகுமா?

முட்டிக்குள் விழுந்தது வீட்டுக்குத் திரும்பாது, ஆகவே அந்தக் கவலை வேண்டாம். பாளையில் கசிகிறதை நக்கிக்கொண்டு வருகிறது வெறும் இனிப்பு, அதில் குடம்பிக்கான புரதம் இல்லை. முட்டி வாயில் பன்னாடை கட்டச் சொல்லிக் கேட்டுப்பாருங்கள். எங்கள் பக்கத்தில் கேட்டால் சிரிப்பார்கள், ஆனால் கட்டுவார்கள்.

சில மூடிகள் கூம்பாக எழும்பி, நடுவில் ஊசித்துளை மாதிரி ஓட்டை. நோயா?

இல்லை. அது ஆண் பூச்சியின் அறை. எங்கள் இனத்தில் ஆண் அறை மூடி அப்படித்தான், நடுவில் ஒரு துளையோடு. புதிதாக வளர்க்கிறவர்கள் இதைப் பார்த்து நோயென்று வெட்டி எறிகிறார்கள். விடுங்கள். ஆண் நிறைய வருகிறதென்றால் கூடு பலமாக இருக்கிறது, பிரிந்து போகவும் யோசிக்கிறது என்று அர்த்தம்.

வேலைக்காரி அறையில் குடம்பி தலையைத் தூக்கிச் செத்து, எடுத்தால் தண்ணீர்ப் பை மாதிரி வந்தால் அதுதான் பயப்படவேண்டியது. பைக்குடம்பி வைரசு நோய். 1991, 92 காலத்தில் தென்னிந்தியாவில் எங்கள் இனத் தேன்பூச்சியைப் பெட்டி பெட்டியாக அழித்தது. மருந்தில்லை. அந்த வதையை எடுத்து எரியுங்கள், ராணியைக் கொஞ்சநாள் அடைத்துவைத்து முட்டையை நிறுத்துங்கள், வதை கட்டின மரச்சட்டத்தை இன்னொரு பெட்டிக்கு மாற்றவே வேண்டாம்.

“தம்பி, அந்த ராணிக் கூழ் குளிசை விக்கிறாங்களாம். தின்னால் இளமையாகலாமோ?”

மாமி, நீங்கள் முட்டையிலிருந்து பொரித்து ஒரு நாளைக்குள் தொடங்கியிருக்க வேண்டும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகாரசபை 2011இல் இந்தக் கூழ் பற்றிய சுகாதார வாக்குறுதிகளைப் பரிசீலித்து, ஆதாரம் போதாது என்று தள்ளிவிட்டது. இழுப்பு, ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்தான எதிர்விளைவு வந்ததும் உண்டு. அந்தக் காசுக்கு நாலு முட்டை வாங்குங்கள்.

ராணி செத்துவிட்டது. எவ்வளவு நாள் இருக்கிறது?

குறைவு. உங்கள் வதையில் ஒரு நாள், இரண்டு நாள் குடம்பி இருந்தால் பூச்சிகளே அவசர ராணியறை கட்டும். முட்டையும் இல்லை, இளம் குடம்பியும் இல்லை என்றால் பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு வதை உடனே கொடுக்க வேண்டும். எங்கள் இனத்தில் வேலைக்காரிகள் தாங்களே முட்டையிடத் தொடங்குவது ஐரோப்பிய இனத்தைவிட வேகம். ஓர் அறையில் மூன்று நாலு முட்டை, பக்கச்சுவரில் ஒட்டின முட்டை, வேலைக்காரி அறையில் கூம்பு மூடி, இவை தெரிந்தால் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அவை எல்லாம் ஆணாகத்தான் வரும்.

முட்டையைப் பார்க்கவே முடியவில்லை. எப்படிப் பார்ப்பது?

காலை ஒன்பது மணி வெயிலில், சூரியனுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள். வெளிச்சம் உங்கள் தோளுக்கு மேலால் வந்து அறையின் அடியில் விழவேண்டும். சட்டத்தைக் கொஞ்சம் சரியுங்கள். புது வதையில் தெரியாது, கறுத்துப்போன பழைய வதையில் பாருங்கள். அடியில் நட்டுவைத்த வெள்ளை நூல்துண்டு மாதிரி நிற்பது இன்றைய முட்டை. படுத்திருப்பது நாளை பொரிக்கப்போவது. நாற்பது தாண்டினவர்கள் வாசிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் இரண்டு வருஷம் போடாமல், ராணி இல்லை இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன்.